கோழி பயந்துவிடக் கூடாது

போன மாதம் பெரம்பலூரில் கோழி வளர்க்கும் பெண்களுக்கு ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். எங்கள் மகளிர் குழுவிலிருந்து ஐந்து பேர் போயிருந்தோம். வகுப்பெடுத்த கால்நடை டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். முட்டைக் கோழிக்கும் ஸ்ட்ரெஸ் உண்டு என்று அவள் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். "அடி ஆத்தி, அதுக்குமா?" என்று என் பக்கத்தில் இருந்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. தினமும் ஒரே ஆள்தான் உள்ளே போக வேண்டும், அந்த ஆள் ஒரே நிறத்தில் துணி உடுத்த வேண்டும், போகும் முன் கதவைத் தட்டிக் குரல் கொடுக்க வேண்டும், புது ஆட்களை விடவே கூடாது என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டு போனாள். எல்லாரும் நோட்டில் எழுதினார்கள். நானும் பேனாவைத் திறந்தேன். எழுத முடியவில்லை. பயத்தினால் இல்லை, ஆத்திரத்தினால்.

அந்தப் பிள்ளைமேல் எனக்கு என்ன ஆத்திரம்? அவள் சொன்னது அத்தனையும் சரி. சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று இரண்டு தடவை என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அந்த ஒரே ஆள் என்றைக்காவது இரண்டு நாள் வெளியே போக வேண்டியிருந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கலாம். நாலு பேர் நடுவில் எழுந்து பேச எனக்கு வராது. கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

நான் ஐந்தாவது படித்த வருஷம் அது. பாடாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். அப்பா சவுதியில் இருந்தார். அவர் அனுப்பிய பணத்தில் பெரியப்பா, நாங்கள் எல்லாரும் சேர்ந்திருந்த வீட்டுக்குப் பின்னால், சோளக் காட்டு ஓரத்தில், தன் பேரில் ஒரு கோழிக் கொட்டாய் போட்டார். ஓட்டுக் கூரை. இடுப்பு உயரத்துக்குச் சுவர், அதற்கு மேல் கம்பி வலை. தரையில் கடலைத் தோல் பரப்பி ஐநூறு வெள்ளைக் கோழிகளை விட்டிருந்தார்கள். உள்ளே குனிந்து நிமிர்வதற்கு அம்மா.

குஞ்சு கொடுத்துவிட்டுப் போன ஆள் பெரியப்பாவிடம் ஒரு விஷயம் சொல்லியிருந்தான். முட்டைக் கோழி பயந்த சுபாவம் உள்ளது, பழகின ஆள் பழகின துணியில் போனால்தான் நிம்மதியாக முட்டையிடும் என்பது. நல்ல விஷயம்தான். பெரியப்பா அதைச் சட்டமாக்கினார். கோழிகள் வளர்ந்து முட்டை விடத் தொடங்கிய நாளில் அம்மா கட்டியிருந்தது நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட ஒரு மெல்லிய வாயில் புடவை. அதுவே அம்மாவின் புடவை என்று முடிவாகிவிட்டது. தீவனம் வைக்கும் அறையில் ஓர் ஆணியில் அது தொங்கும். அம்மா காலையில் அங்கே போய் அதைக் கட்டிக்கொள்வாள். மதியம் அலசிக் காயப்போடுவாள். சாயங்காலம் மறுபடியும் அதே புடவை. சாயம் போய் நீலம் சாம்பல் மாதிரி ஆகிவிட்டது. கிழிந்த இடங்களில் தையல் மேல் தையல்.

உள்ளே போகும் முன் அம்மா தீவனம் அள்ளும் குவளையால் தகரக் கதவில் மூன்று தட்டு தட்டுவாள். "வாரேன்... வாரேன்..." என்று இழுத்துச் சொல்வாள். ஐநூறு தலைகள் ஒன்றாக நிமிரும். புடவையைப் பார்த்ததும் ஒன்றாகக் குனிந்துகொள்ளும். அம்மா காலைத் தூக்கி வைக்காமல் கடலைத் தோலைத் தேய்த்துக்கொண்டே நடப்பாள். கோடையில் வலையெல்லாம் சாக்குத் தொங்கவிட்டு மணிக்கொரு தடவை தண்ணீர் தெளிப்பாள். தும்மல் வந்தால் வெளியே வந்துதான் தும்முவாள். நான் வலைக்கு வெளியே நின்று பார்ப்பேன். ஒரு தடவை ஆசைப்பட்டு, பள்ளிக்கூடத்து யூனிபாரத்தோடு கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டேன். அம்மா என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

பெரியப்பா அம்மாவோடு நேராகப் பேசமாட்டார். தம்பி மனைவியோடு பேசுவது முறையில்லையாம். அம்மா எட்டு வைத்தால் தொடுகிற தூரத்தில் நிற்கும்போதே என்னைப் பார்த்து, "உங்கம்மாகிட்ட சொல்லு, தண்ணித் தொட்டிய கழுவச் சொல்லு" என்பார். அம்மா என்னைப் பார்த்து, "கழுவியாச்சுன்னு சொல்லு" என்பாள். நான் இந்தப் பக்கம் திரும்பி ஒன்று, அந்தப் பக்கம் திரும்பி ஒன்று சொல்லவேண்டும். அந்த வீட்டில் நான் வாய் திறந்து பேசியதெல்லாம் இதுதான். கொட்டாய் மூலைகளில் வளைவாக மூங்கில் தட்டி வைத்துக் கொடுக்கச் சொல்லி அம்மா என்னிடம் எத்தனையோ முறை சொல்லி அனுப்பினாள். கோழி பயந்தால் மூலையில்தான் போய் அடையும், ஒன்றின்மேல் ஒன்று ஏறும், அடியில் உள்ளது மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்றாள். "பாக்கலாம்னு சொல்லு" என்றார் பெரியப்பா. பார்க்கவே இல்லை.

அந்த வருஷத்தோடு சேர்த்து இரண்டு பொங்கலுக்கு அம்மா தன் பிறந்த ஊருக்குப் போகவில்லை. டவுனுக்குப் போகவில்லை. கோயிலுக்குக்கூட காலைத் தீவனத்துக்கும் மதியத் தண்ணீருக்கும் நடுவில் போய்விட்டு ஓடி வருவாள். இதெல்லாம் எனக்கு அப்போது ஒரு குறையாகவே தெரியவில்லை. அம்மா என்றால் கொட்டாயில் இருப்பாள் என்றுதான் எனக்குத் தெரியும்.

பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியப்பாவின் மனைவி. பிள்ளைகள் இருவரும் திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தார்கள். வீட்டில் அவள் வாய்க்கு அகப்பட்டது நான்தான். யாராவது வந்து என்னிடம் பேர் கேட்டு நான் தலையைக் குனிந்துகொண்டால், "அது ஊமைக்கோட்டான், வாயில ஈ பூந்தாக்கூட வெளிய போன்னு சொல்லாது" என்பாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். தட்டில் சோறு போட்டுக்கொண்டே, "இன்னும் வேணும்னா தலையாட்டு, வேண்டாம்னா ரெண்டு தடவ ஆட்டு" என்பாள். அவள் பெரிய கிண்டல்காரி என்று ஊரெல்லாம் பேர். எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. மனதுக்குள் அவளைத் திட்டுவதற்கென்று தனியாகச் சில வார்த்தைகள் வைத்திருந்தேன்.

ஆவணி மாதத்தில் சித்திக்குக் கல்யாணம் வைத்தார்கள். அம்மாவின் ஒரே தங்கை. இவர்களைப் பெற்றவள் இறந்தபோது சித்திக்கு மூன்று வயது. அம்மாதான் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தலை பின்னி, இடுப்பில் வைத்துக்கொண்டே வளர்த்தாள். தாய் இடத்தில் நின்று செய்ய வேண்டியதெல்லாம் அம்மாதான் செய்ய வேண்டும். கல்யாணம் உடையார்பாளையத்தில். பாடாலூரிலிருந்து பெரம்பலூர், அங்கிருந்து அரியலூர், அங்கிருந்து இன்னொரு பஸ். விடியற்காலை முகூர்த்தம். முதல் நாளே போனால்தான் முடியும்.

அம்மா அப்பாவுக்குக் கடிதம் எழுதினாள். அண்ணன் சொல்கிறபடி செய் என்று பதில் வந்தது. அதையும் அவர் அண்ணன் பேருக்குத்தான் எழுதியிருந்தார். பெரியப்பா அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அம்மா வாசல்படிக்கு உள்ளே நின்றாள்.

"உங்கம்மாகிட்ட சொல்லு. முட்டை நல்லா வர்ற நேரம். ரெண்டு நாளு அது இல்லன்னா அத்தினியும் நிறுத்திப்புடும். கோழி புடவையப் பாத்துப் பழகிடுச்சு, நாம என்ன பண்ண முடியும்? கல்யாணம் யாரு இல்லன்னாலும் நடக்கும்னு சொல்லு."

நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். முதல் தடவையாக அம்மா என்னிடம் பதில் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. குவளையை எடுத்துக்கொண்டு கொட்டாய்க்குப் போய்விட்டாள்.

அதற்குப் பத்து நாள் கழித்து ஒரு மதியம். பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருந்ததால் நான் வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுவேன். பெரியப்பா அந்த நேரத்தில் பாடாலூரில் இருப்பார். வரும்போது கொட்டாய்ப் பக்கம் பார்த்தேன். நீலப் புடவை வெளியே வந்தது. கையில் முட்டைக் கூடை. அம்மா என்று நினைத்து வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அது பெரியம்மா.

மறுநாளும் பார்த்தேன். சோளத்தட்டைப் போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பெரியம்மா தகரக் கதவில் மூன்று தட்டு தட்டினாள். அப்புறம் அம்மா மாதிரியே குரலை இழுத்து, "வாரேன்... வாரேன்..." என்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. புடவையை எடுத்துக்கொண்டாள், போகட்டும். அம்மாவின் குரலையும் அல்லவா எடுத்துக்கொண்டாள்? பெற்ற பிள்ளை நான் உள்ளே காலை வைத்ததற்கு அடி வாங்கினேன். என்னை ஊமை என்று சொல்லிச் சிரிக்கிறவள் அம்மாவின் கோழிகளுக்கு நடுவில் கால் தேய்த்து நடக்கிறாள். கோழிகளும் கொஞ்சம் தள்ளி நின்றனவே தவிர ஓடவில்லை. அந்தக் கோழிகள்மேலும் எனக்குக் கோபம் வந்தது.

அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா சும்மா இருந்துவிடுவாள், அவள் யாரையும் எதுவும் கேட்கமாட்டாள் என்று நினைத்தேன். கேட்கக்கூடிய ஆள் பெரியப்பா ஒருவர்தான். மூன்றாம் நாள் சனிக்கிழமை. அரை நாள் பள்ளிக்கூடம். நான் வந்தபோது தகரக் கதவு சாத்தியிருந்தது, ஆணியில் புடவை இல்லை. நான் எதிர்பார்க்காத நேரத்தில் பெரியப்பாவின் டி.வி.எஸ். வண்டியும் வந்து நின்றது. பின்னால் இரண்டு தீவன மூட்டை.

"பெரியப்பா" என்று கூப்பிட்டேன்.

அவர் மூட்டையின் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நானாக அவரைக் கூப்பிட்டது அதுவரை கிடையாது.

"பெரியம்மா எங்கம்மா புடவையக் கட்டிக்கிட்டு கொட்டாய்க்குள்ள இருக்குது. மூணு நாளா போவுது."

எவ்வளவு தெளிவாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. திக்கவில்லை. தலை குனியவில்லை.

பெரியப்பா நடக்கவில்லை, ஓடினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, காலில் டயர் செருப்பு. ஒரே ஆள், ஒரே துணி, சத்தம் கூடாது என்று இரண்டு வருஷமாக என் அம்மாவைக் கட்டிப்போட்ட அந்த மனிதர் தகரக் கதவைக் காலால் உதைத்துத் திறந்தார். உள்ளே போய் நின்று கத்தினார்.

மழை வரும்போது ஓட்டின்மேல் முதலில் ஓர் இரைச்சல் கேட்குமே, அப்படி ஒரு சத்தம் எழும்பியது. கொட்டாய் முழுக்க வெள்ளையாக மேலே கிளம்பியது. வலையில் மோதியது. தூசியும் சிறகும் பறந்ததில் பெரியம்மா நின்ற இடம் தெரியவில்லை. அப்புறம் அந்த வெள்ளை எல்லாம் தெற்கு மூலையில் போய்ச் சரிந்தது. தட்டி வைக்கச் சொல்லி அம்மா கேட்ட மூலை. ஒன்றின்மேல் ஒன்று ஏறியது. சுவர் உயரத்துக்கு ஏறியது.

அம்மா ஓடிவந்தாள். வீட்டிலிருந்து வரவில்லை, கொட்டாய்க்குப் பின்பக்கத்திலிருந்து வந்தாள். அவள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வீட்டுப் புடவையோடு உள்ளே போய் மூலையில் மண்டியிட்டு, மேலே இருந்த கோழிகளை இரண்டு கையாலும் எடுத்து எடுத்துப் பின்னால் போட்டாள். பெரியம்மாவும் முட்டைக் கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து எடுத்தாள். மேலே இருந்தவை உதறிக்கொண்டு ஓடின. அடியில் இருந்தவை அப்படியே கிடந்தன. அறுபதுக்கு மேல். கழுத்தைத் தூக்கினால் தொங்கியது. உடம்பில் சூடு இருந்தது.

பெரியப்பா அதற்குள் தன் விசாரணையைத் தொடங்கிவிட்டார். மூத்த மருமகள் கோழிப் பீ அள்ளுகிறாள் என்று ஊர் சிரிக்க வேண்டுமா, யாரைக் கேட்டு உள்ளே போனாய், யார் போகச் சொன்னது என்று கேட்டார்.

"யாரும் சொல்லல. நானாத்தான் கட்டிக்கிட்டு வந்தேன். அவளுக்கு ஒண்ணுந் தெரியாது" என்றாள் பெரியம்மா.

பெரியப்பா அவளைக் கன்னத்தில் அறைந்தார். அந்தச் சத்தத்தில் கோழிகள் இன்னொரு முறை எழும்பின.

அம்மா எழுந்து நின்றாள். ஏதோ சொல்ல வாய் திறந்தாள். பெரியம்மா அவளைப் பார்த்துத் தலையை இரண்டு தடவை ஆட்டினாள். அம்மா வாயை மூடிக்கொண்டாள். நான் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா அடி வாங்கியது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது? சந்தோஷமாகத்தான் இருந்தது.

வெளியே வந்த பெரியப்பா என் தலையில் கையை வைத்தார். "இந்த வூட்டுல நெசம் பேசறது இந்தப் புள்ள ஒண்ணுதான்" என்றார்.

செத்த கோழிகளில் சிலவற்றை வீணாக்க வேண்டாம் என்று வீட்டிலேயே அறுத்தார்கள். கன்னம் வீங்கிய பெரியம்மாதான் குழம்பு வைத்தாள். அம்மா சாப்பிடவில்லை. நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். மற்றவற்றைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். தெரிந்தவர்கள் வந்து கேட்டபோது பெரியப்பா, "பொம்பளைங்க சண்டையில கோழி செத்துடுச்சு" என்றார். கேட்டவர்கள் எல்லாரும் அதை நம்பிக்கொண்டு போனார்கள். இன்றைக்கும் எங்கள் ஊரில் வயதானவர்களைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள்.

நடந்தது என்ன என்பதை என்னிடம் பெரியம்மாதான் சொன்னாள். எனக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளைக்கு ஊருக்கு வந்திருந்தபோது, வெங்காயம் உரித்துக்கொண்டே, ஏதோ சினிமாக் கதை சொல்வதுபோல் சொன்னாள். யோசனை இரண்டு பேருடையதும்தான். கோழி புடவையைத்தானே பார்த்துப் பழகியிருக்கிறது, முகத்தையா பார்த்தது என்று முதலில் கேட்டவள் பெரியம்மா. பெரியப்பா பாடாலூர் போகிற நேரம் பார்த்து அவள் நீலப் புடவையைக் கட்டிக்கொள்வாள். அம்மா பின்பக்கம் வலைக்கு வெளியே குனிந்து நின்று சொல்லிக் கொடுப்பாள்.

"கைய வீசாதீங்கக்கா, தோளைத் தொங்கப் போடுங்கக்கான்னு உங்கம்மா சொல்லிக்கிட்டே இருப்பா. நான் அவ குரல்ல பேசிப் பாப்பேன். ரெண்டு பேருக்கும் சிரிப்பு அடக்க முடியாது. சிரிச்சா கோழி எழும்பிடும்னு வாய்க்குள்ள துணிய வெச்சுக்குவோம்" என்றாள் பெரியம்மா.

இன்னும் இரண்டு நாள் பழகியிருந்தால் போதுமாம். கல்யாணத்துக்கு முதல் நாள் விடியும் முன்பே அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறியிருப்பாளாம். பெரியப்பா எழுந்து பார்க்கும்போது கொட்டாய்க்குள் நீலப் புடவை நடமாடும். கோழிகள் முட்டையிடும். அப்புறம் அவர் என்ன கத்தினாலும் கத்தட்டும் என்று இரண்டு பேரும் துணிந்திருக்கிறார்கள். என்னிடம் சொல்லவில்லை. சின்னப் பிள்ளை, வாய் தவறிவிடும் என்று அம்மா பயந்தாளாம். பெரியம்மாதான், "அதுவா? அது எங்க வாயத் தொறக்கப் போவுது" என்று சொல்லியிருக்கிறாள்.

"தொறந்தியே பாரு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மாவும் கடைசிவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வருகிற கோபத்தையெல்லாம் பெரியப்பாமேலும் அப்பாமேலும் போட்டுப் பார்க்கிறேன். கொஞ்சம் மிஞ்சுகிறது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு கோழிகள் கோழிகளாக இல்லை. ஓடில்லாமல் தோலாக முட்டை விட்டன. ஒன்றை ஒன்று கொத்தின. ஓட்டின்மேல் காக்கை உட்கார்ந்தால்கூட மூலைக்கு ஓடின. பெரியப்பா கொட்டாய்ப் பக்கம் வருவதை விட்டுவிட்டார். மூலைகளுக்குத் தட்டி மட்டும் வந்தது. அம்மா பழையபடி நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு, காலையிலிருந்து இருட்டும்வரை உள்ளேயே இருந்தாள். தீவனம் போட்டுவிட்டும் வெளியே வரமாட்டாள். நடுவில் உட்கார்ந்திருப்பாள். ஒன்றிரண்டு கோழிகள் முதலில் பக்கத்தில் வந்தன. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மற்றவை.

"உங்கம்மாகிட்ட கேளு, இந்த நெலமையில இதுங்கள வுட்டுட்டுப் போவ முடியுமான்னு கேளு" என்றார் பெரியப்பா. நான் திரும்பி, "போவ முடியுமாம்மா?" என்று கேட்டேன். அம்மா, "முடியாதுன்னு சொல்லு" என்றாள். நான் திரும்பி, முடியாதாம் என்று சொன்னேன்.

கல்யாணத்துக்கு எங்கள் வீட்டுச் சார்பாகப் பெரியப்பா போனார். உண்மை பேசிய பிள்ளை என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அரியலூரில் எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். எனக்குப் புதுப் பாவாடை, ரோஜாப்பூ நிறம். அம்மா எப்போதோ தைக்கக் கொடுத்து வாங்கி வைத்திருந்தது. சித்தி மணமேடைக்கு வரும் முன் என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் பார்த்தாள். "அக்கா எங்கடி?" என்றாள். நான் வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டேன். பெரியப்பாதான் பக்கத்திலிருந்தவர்களுக்கும் கேட்கும்படி, "கோழி வுடமாட்டேங்குது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா நிற்க வேண்டிய இடத்தில் யாரோ ஓர் ஒன்றுவிட்ட அத்தை நின்றாள். சித்தி தாலி கட்டி முடிகிறவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையைப் பார்க்க வெட்கப்படுகிறாள் என்று பேசிக்கொண்டார்கள்.

சாயங்காலம் ஊருக்கு வந்து சேர்ந்ததும் தாம்பூலப் பையை எடுத்துக்கொண்டு கொட்டாய்க்கு ஓடினேன். ரோஜாப்பூ நிறத்தோடு உள்ளே போகக் கூடாது என்று எனக்குத் தெரியும். வலைக்கு வெளியே நின்றேன். அம்மா கடலைத் தோலின்மேல் உட்கார்ந்திருந்தாள். காலைச் சுற்றிக் கோழிகள் அமைதியாகக் கிளறிக்கொண்டிருந்தன. நான் மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். என் ஆயுளில் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. என்ன பாயசம், எத்தனை அப்பளம், மேளக்காரர் எவ்வளவு குண்டு என்று சொன்னேன்.

"சித்தி என்னையக் கேட்டாளா?" என்றாள் அம்மா.

"கேட்டுச்சு. பெரியப்பா, கோழி வுடமாட்டேங்குதுன்னு சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்கம்மா."

அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நீலப் புடவையின் முந்தானையை உருட்டி வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. ஒரு சத்தமும் வரவில்லை. பக்கத்தில் நின்ற கோழி ஒன்று தலையை நிமிர்த்திப் பார்த்தது. அம்மா தோளையும் நிறுத்திக்கொண்டாள். அது மறுபடியும் குனிந்து கிளறியது.

செத்துப்போன கோழிகளை நினைத்துத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்கும் பாவமாக இருந்தது. வலையில் முகத்தை வைத்துக்கொண்டு, கோழி பயந்துவிடாமல், மெதுவாகச் சொன்னேன்.

"அழாதம்மா. இன்னும் நானூறுக்கு மேல இருக்குதுல்ல."

அம்மா திரும்பாமலே தலையை ஆட்டினாள். நான் தாம்பூலப் பையைப் பிரித்து, அதிலிருந்த லட்டைத் தின்னத் தொடங்கினேன்.